சிறுதொழிலும் இணையதளமும்: வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு

(சிறுதொழில் வளர்ச்சி அலுவலர்களும் வணிகவியல் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் நாட்டின் பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. சொந்தமாக ஓர் இணையதளம் வைத்திருப்பது பெரிய நிறுவனங்களுக்கே உரிய ஆடம்பரமாக அந்நாளில் எண்ணப்பட்டது. இன்று நிலைமை வேறு. மொராதாபாத்தில் பித்தளைப் பொருள் வார்க்கும் பட்டறைக்கும், கன்னோஜில் அத்தர் வடிக்கும் குடும்பத்திற்கும், சன்னபட்டணத்தில் மரப்பொம்மை கடையும் கைவினைஞருக்கும் இணையதளம் கடைவாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் போன்றதாகிவிட்டது. தொலைதூரத்து வணிகர் சரக்கின் மாதிரியைக் கேட்பதற்கு முன்பே தளத்தைப் பார்த்துவிடுகிறார்.

ஆயினும், இத்தளத்தை அமைத்துத் தருபவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதில் சிறுதொழில் முனைவோர் காட்டும் அக்கறை மிகக் குறைவு. ஒரு கடைசல் இயந்திரம் வாங்குவதென்றால் நாலு இடத்தில் விசாரித்து, விலைப்புள்ளி பெற்று, ஓட்டிப் பார்த்து, உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேட்டு வாங்குபவரே, இணையதளத்தை மட்டும் தெரிந்தவர் மகனிடமோ, மிகக் குறைந்த தொகை கேட்டவரிடமோ, மிக அழகான படத்தைக் காட்டியவரிடமோ ஒப்படைத்துவிடுகிறார். இதன் விளைவு முதல் ஆண்டில் தெரிவதில்லை. மூன்றாவது ஆண்டில், பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாளில், அல்லது வடிவமைப்பாளருடன் மனத்தாங்கல் ஏற்படும் நாளில்தான் தெரியவருகிறது. ஆகவே, வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அவர் வரையும் அழகு அன்று. வேலை முடிந்த பின் சாவி யார் கையில் இருக்கும் என்பதே.

அதற்கு முன் ஒன்று. எல்லாத் தொழிலுக்கும் இணையதளம் தேவை என்று சொல்வதற்கில்லை. ஒரு தெருவுக்குள் வாடிக்கையாளர்களைக் கொண்ட தையற்கடைக்கு, கூகுள் வரைபடத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளும் கடைக்குறிப்பும், வாட்ஸ்அப் வணிகக் கணக்கும் போதுமானவை. இதை வெளிப்படையாகச் சொல்லும் வடிவமைப்பாளர் கிடைத்தால் அவரைப் பிற்காலத் தேவைக்காக நினைவில் வைத்துக்கொள்வது நலம். தளம் தேவைதான் என்று தெளிந்தபின், அது வெறும் முகவரிப் பலகையா, பொருள்களின் விலைப்பட்டியலா, பணம் பெற்று விற்கும் கடையா என்பதை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். பார்க்க வருபவர் யார், எந்த மொழியில் படிப்பார், பார்த்தபின் தொலைபேசியில் அழைக்க வேண்டுமா அல்லது அங்கேயே பணம் செலுத்த வேண்டுமா, விலை மாறும்போது அதை மாற்றப்போவது யார் என்பவற்றையும் அதே தாளில் குறிக்கலாம். இத்தாள் இல்லாமல் மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டால், மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பர். அவற்றை ஒப்பிட வழியே இராது.

வடிவமைப்பாளர் முன்பு செய்த வேலைகளைப் பார்ப்பது வழக்கம். ஆனால் அவற்றை அவருடைய மேசையில், அவருடைய கணினியில், விரைவான இணைப்பில் பார்ப்பதால் பயன் இல்லை. நாட்டில் பெரும்பாலோர் கைப்பேசி வழியாகவே இணையத்தை அணுகுகின்றனர். எனவே, விலை குறைந்த கைப்பேசி ஒன்றில், சாதாரண மொபைல் இணைப்பில், பட்டறை இருக்கும் இடத்திலேயே அத்தளங்களைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தோன்றுவதே நல்ல வேகம் என்று கூகுள் நிறுவனம் அளவுகோல் வகுத்துள்ளது. பித்தளைக் குத்துவிளக்கின் ஒளிப்படத்தைக் கேமராவிலிருந்து எடுத்தபடியே நாலைந்து மெகாபைட் பருமனில் ஏற்றிவிடும் வடிவமைப்பாளருடைய தளம் அந்த அளவை எட்டுவது அரிது. அதே படத்தை இருநூறு கிலோபைட்டுக்குள் சுருக்கினாலும் கைப்பேசித் திரையில் பார்ப்பவரின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இந்தச் சிறு கவனம் ஒருவருடைய தொழில் நேர்மைக்கு நல்ல உரைகல்.

மொழியிலும் ஒரு சோதனை உண்டு. இந்தியிலோ கன்னடத்திலோ ஒடியாவிலோ உள்ள வாசகங்களை யூனிகோடு எழுத்தாக இடாமல் படமாக ஒட்டிவிடும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. படமாக உள்ள சொல்லைத் தேடுபொறி எளிதில் கண்டுகொள்ளாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளால் அதனை உரக்கப் படிக்கவும் இயலாது. தளத்திலுள்ள ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாலே போதும். எழுத்தாயின் அச்சொல் தேர்வாகும், படமாயின் பெரும்பாலும் ஆகாது.

முன்பு வேலை வாங்கியவர்களுள், அண்மையில் வாங்கியவரை விட, மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கியவரைத் தேடிப்பிடித்து விசாரிப்பது மேலானது. தளம் இன்னும் இயங்குகிறதா, கோளாறு நேர்ந்தபோது வடிவமைப்பாளர் தொலைபேசியை எடுத்தாரா என்ற இரண்டு கேள்விகள் போதும். கூகுள் தேடலில் முதலிடம் பெற்றுத் தருவதாக உறுதி கூறுபவரை அப்போதே விலக்கிவிடலாம். அத்தகைய உறுதியை எவராலும் தர இயலாது என்று அந்நிறுவனமே தன் வழிகாட்டுக் குறிப்புகளில் கூறுகிறது. தனிநபரா, நிறுவனமா என்பதில் பொது விதி எதுவும் இல்லை. தனிநபர் நோயுற்றால் வேலை நிற்கும். நிறுவனத்திலோ, பேசி முடித்தவர் வேறு, வேலை செய்பவர் வேறாக இருப்பர்.

இனி, சாவிக்கு வருவோர் கவனிக்க வேண்டியவை. இணையதளத்தின் முகவரிப் பெயர், அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகிறது என்பதே தலையாய கேள்வி. வடிவமைப்பாளர் பலர் தங்கள் மின்னஞ்சலையும் தங்கள் பெயரையும் கொடுத்தே பதிவு செய்கின்றனர். இதில் எப்போதும் தீய நோக்கம் இருப்பதாகக் கருதவேண்டியதில்லை. பத்து வாடிக்கையாளர்களின் பெயர்களை ஒரே கணக்கில் வைத்திருப்பது அவருக்கு வசதி, அவ்வளவே. ஆனால் அவர் ஊர் மாறினாலோ, தொழிலைக் கைவிட்டாலோ, பெயரைப் புதுப்பிக்குமாறு பதிவு நிறுவனம் அனுப்பும் நினைவூட்டல் பட்டறை உரிமையாளரின் கைக்கு வந்து சேராது. டாட் காம் வகைப் பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனம் 45 நாட்கள் வரை அவகாசம் தரலாம். பெயர் நீக்கப்பட்ட பின், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாட்கள் உண்டு. அதன்பின் ஐந்து நாட்களில் அப்பெயர் எவரும் வாங்கக்கூடியதாகிவிடும். பெயர் போனால் தளம் மட்டும் போவதில்லை; அப்பெயரில் இயங்கிய மின்னஞ்சல் முகவரிகளும் போய்விடும். வெளிநாட்டு வணிகர் அனுப்பிய கொள்முதல் ஆணை, வேறு யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழக்கூடும்.

சட்டம் இதில் கைவிடவில்லை. சத்யம் இன்ஃபோவே நிறுவனத்திற்கும் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில் 2004-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வணிகச் சின்னத்தின் இயல்புகள் இணையப் பெயருக்கும் உண்டு என்றும், ஒருவர் பெயரைத் தமதெனக் காட்டி வணிகம் செய்வதைத் தடுக்கும் விதிகள் அதற்கும் பொருந்தும் என்றும் கூறியது. டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம், பூசல்களை நடுவர் மூலம் தீர்க்கும் முறையையும் வகுத்துள்ளது. எனினும், ஐந்து தொழிலாளர்களைக் கொண்ட பட்டறை வழக்கறிஞரை வைத்து நடுவர் முன் நிற்பதென்பது நோய் வந்தபின் வைத்தியம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கும் பதிவை, உரிமையாளரே தம் பெயரில், தம் மின்னஞ்சலில், தம் கைப்பேசி எண்ணில் செய்துகொண்டு, வடிவமைப்பாளருக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும் தருவது வருமுன் காக்கும் வழி. தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் கணக்குக்கும் இதே விதி பொருந்தும்.

பதிப்புரிமை பற்றிய செய்தி பலருக்கு வியப்பளிக்கக்கூடும். பணம் கொடுத்துச் செய்வித்த வேலை பணம் கொடுத்தவருக்கே சொந்தம் என்று எண்ணுவது இயல்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அவ்வாறு பொதுவாகச் சொல்லவில்லை. மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுப்பித்த ஒளிப்படத்தின் உரிமை பணம் கொடுத்தவரைச் சேரும். சம்பளத்திற்கு வேலை செய்யும் ஊழியர் பணியின்போது எழுதியது முதலாளியைச் சேரும். ஆனால் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வேலை செய்யும் வடிவமைப்பாளர் எழுதும் கணினி நிரல், சட்டத்தின் பார்வையில் ஓர் இலக்கியப் படைப்பு. அதன் முதல் உரிமையாளர் எழுதியவரே. எழுத்து மூலம் மாற்றித் தந்தாலன்றி அவ்வுரிமை கைமாறாது. அவ்வாறு எழுதும்போதும் கவனம் வேண்டும். 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிக்கப்படாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே என்றும், எல்லை குறிக்கப்படாதது இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் கொள்ளப்படும். ஏற்றுமதியை நம்பியிருக்கும் மொராதாபாத் பட்டறைக்கு இவ்விரண்டு வரிகளின் மதிப்பு சிறிதன்று. உரிமை காலவரையறையின்றியும் உலகம் முழுமைக்கும் மாற்றித் தரப்படுகிறது என்ற ஒரு வாக்கியத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கச் செலவு ஏதுமில்லை. வேர்ட்பிரஸ் போன்ற பொது மென்பொருளையோ விலைக்கு வாங்கிய வார்ப்புருவையோ வடிவமைப்பாளர் பயன்படுத்தியிருந்தால் அவற்றின் உரிமம் தனி; எது அவருடையது, எது பிறருடையது என்பதை அவரே எழுதித் தரவேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, அலுவலகங்களில் ஊறிப்போன மிகக் குறைந்த விலைப்புள்ளி என்னும் பழக்கம் இங்கு உதவாது. முதல் ஆண்டுத் தொகையை மட்டும் ஒப்பிடாமல், புதுப்பிப்பு, ஹோஸ்டிங், பழுது நீக்கம், காப்புநகல் ஆகியவற்றையும் சேர்த்து மூன்று ஆண்டுச் செலவை ஒப்பிட வேண்டும். ஒருவர் கேட்கும் தொகையில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி அடங்கியிருக்கலாம். மற்றொருவர் வரிப் பதிவுக்குரிய வரம்புக்குக் கீழே இருப்பதால் வரியே வசூலிக்காதவராக இருக்கலாம். முழுத்தொகையையும் முன்பணமாகத் தருவது எவ்வளவு தவறோ, வேலை முடிந்தபின் இழுத்தடிப்பதும் அவ்வளவு தவறு. வடிவமைப்பாளரும் பெரும்பாலும் ஒரு குறுந்தொழில் முனைவோரே என்பது மறக்கப்படுகிறது. அவர் உத்யம் பதிவு பெற்றவராயின், 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, ஒப்புக்கொண்ட தவணை 45 நாட்களைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். பெரிய ஆலைகளிடம் பாக்கிக்காக அலையும் சிறுதொழிலர், தாமே ஒருவரை அலையவிடுவதற்கு நியாயம் இல்லை.

தளம் பொருள் விற்பதாயின் சட்டக் கடமைகளும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020, விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் பற்றிய விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்டவேண்டும் என்கின்றன. முறையீட்டை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் கேட்கும் சிறு படிவம்கூட, 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. இவற்றுக்கு விடை சொல்லவேண்டியவர் தளத்தின் உரிமையாளரே ஆவார். ஆனால் இவற்றைக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று வடிவமைப்பாளரைக் கேட்டுப் பார்ப்பது அவருடைய அனுபவத்தை அளக்க உதவும்.

மாவட்டத் தொழில் மையங்கள் 1978-இல் தொடங்கப்பட்டபோது, நிலம், மின்சாரம், கடன், மூலப்பொருள் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் பெற்றுத்தருவது நோக்கமாக இருந்தது. இன்று அம்மையங்களுக்கு வரும் கைவினைஞர் இணையதளம் பற்றியும் ஆலோசனை கேட்கிறார். மாநில மொழியில் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தை அச்சிட்டு மையத்தின் முகப்பு மேசையில் வைப்பது எந்த அலுவலருக்கும் எட்டாத காரியமன்று. அதில் நான்கு செய்திகள் போதும்: பெயர் உரிமையாளருடையது; கணக்குகளின் கடவுச்சொற்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்; பதிப்புரிமை எழுதித் தரப்பட வேண்டும்; முழுத் தளத்தின் காப்புநகல் அவர் கையில் இருக்க வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் நாளில் செய்யத்தக்க சோதனை ஒன்றும் உண்டு. வடிவமைப்பாளர் அருகில் அமர்ந்து, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்க, பட்டறை உரிமையாளரோ அவர் குடும்பத்தாருள் ஒருவரோ தம் கைப்பேசியிலிருந்தே தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து, ஒரு விளக்கின் விலையைத் திருத்தி, பழைய படத்தை நீக்கிப் புதியதை ஏற்றிச் சேமிக்க வேண்டும். அந்த மாற்றம் வேறொரு கைப்பேசியில் தெரிந்தபின் காசோலையில் கையொப்பம் இடலாம்.