ஒரு துளி உப்பும் ஓர் உயிரும்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் எத்தனை பிரசவம், எத்தனை அறுவை சிகிச்சை, எந்த வார்டுக்குப் புதுக் கூரை என்று கணக்குச் சொல்வோம். இம்முறை ஒரே ஒரு பிளாஸ்டிக் பையைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். அந்தப் பையில் இருந்தது ஒரு வாலிபனின் ஒரு நாள் சாப்பாடு. அதை நாங்கள் அவனுக்குக் கொடுக்காமல் கொட்டினோம். கொட்டியதற்காக அன்று ஆண்டவருக்கு நன்றியும் செலுத்தினோம். ஏன் என்பதுதான் இன்றைய செய்தி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று நடப்பது உங்களுக்குத் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலை வந்தது. ஏரியும் நெல் வயலுமாக இருந்த ஊர்களில் இப்போது மூன்று ஷிப்ட் வேலை நடக்கிறது. வந்தவாசி, செய்யாறு பக்கத்துப் பிள்ளைகளும் ஒடிசா, பீகார் பிள்ளைகளும் இங்கேதான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு மோட்டார் சைக்கிளில் வரும்போது, அதே சாலையில் கன்டெய்னர் லாரிகளும் வருகின்றன.

அப்படி அடிபட்டு வந்தவன்தான் இந்த வாலிபன். ஓர் ஆலையின் பெயின்ட் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. வயிற்றில் பலமான அடி, சிறுகுடல் கிழிந்திருந்தது. வேறோர் இடத்தில் அறுவை செய்து, தையல் பிரிந்து, குடலில் இருப்பது வெளியே கசியும் நிலையில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். அதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் சரியான ஆகாரம் இல்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். அவன் அம்மா எங்களைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, ஒரு வாய் கஞ்சியாவது குடுக்கச் சொல்லுங்களேன்" என்பதுதான். வாய்வழியே கொடுத்தால் புண் ஆறாது. ஆகவே இரத்தக் குழாய் வழியே முழு ஆகாரத்தையும் ஏற்ற மருத்துவர்கள் தீர்மானித்தார்கள்.

இது நம் ஜனங்கள் "குளுக்கோஸ் ஏத்துறது" என்று சொல்வது அல்ல. சாதாரண குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையுமே இருக்கும். அதை வைத்து வாரக்கணக்கில் உயிர் பிழைக்க முடியாது. முழு ஆகாரப் பையில் செறிவான சர்க்கரை, புரதத்துக்கு அமினோ அமிலம், வைட்டமின், தாது உப்புகள் எல்லாம் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்படும். கொழுப்பு அதனோடு கலந்தோ தனியாகவோ போகும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து அறுவை மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடன் இருந்தவர்களும் நாய்க்குட்டிகளை இப்படி வளர்த்துக் காட்டி, 1968-ல் அதை வெளியிட்டார்கள். குடல் செயல்படாதவர்கள் பட்டினியால் சாக வேண்டியதில்லை என்று உலகம் அப்போது கண்டது.

ஆனால் வாயையும் குடலையும் தாண்டி ஆகாரம் போகும்போது, சிருஷ்டிகர் அங்கே வைத்திருக்கும் காவலையும் தாண்டிப் போகிறோம். சாம்பாரில் உப்பு கூடினால் நாக்கு சொல்லும். கெட்டது போனால் வயிறு வாந்தியாகத் தள்ளும். தேவைக்கு மேல் வந்த சில தாதுக்களைக் குடல் உள்ளே எடுக்காமலே விட்டுவிடும். இரத்தக் குழாய்க்கு நாக்கு கிடையாது. ஊற்றியது அத்தனையும் நேரே இருதயத்துக்குப் போகிறது. எனவே நாக்கின் வேலையை, வயிற்றின் வேலையை, இங்கே மனிதர் செய்ய வேண்டும்.

குறைவாக ஊற்றுவதும் ஆபத்துதான். இதற்கு நமக்குப் பெருமை தரும் ஒரு சாட்சி உண்டு. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் குர்ஷீத் ஜீஜீபாய் பின்னர் கனடாவின் டொரான்டோ நகரில் பணியாற்றினார். குடலை இழந்தவர்களை வீட்டிலேயே வைத்து இரத்தக் குழாய் வழியே போஷிக்க முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர். அவரிடம் இருந்த ஒரு பெண்மணி சில ஆண்டுகள் நன்றாக இருந்து, பிறகு மெலியத் தொடங்கினார். நரம்புகள் பாதிக்கப்பட்டன. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்கவில்லை, இன்சுலினும் போதவில்லை. பையில் இல்லாத பொருள் குரோமியம் என்று கண்டுபிடித்து, நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்தார்கள். அவர் தேறினார். 1977-ல் இதை வெளியிட்டார்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத அந்த அளவு ஒரு தாய்க்கும் மரணத்துக்கும் நடுவில் நின்றது.

இப்போது நம் வாலிபனிடம் வருவோம். அவனுக்குக் குறைந்தது பாஸ்பேட் என்ற தாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரெனச் சர்க்கரை வந்தால், உயிரணுக்கள் அதைச் சக்தியாக மாற்ற ஓடும். அந்த வேலைக்குப் பாஸ்பேட் வேண்டும். உடனே இரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பேட்டையும் அணுக்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அது வற்றினால் மூச்சை இழுக்கும் தசை தளரும், இருதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான கைதிகள் பலர், பட்டினியில் சாகாமல், சாப்பாடு கிடைத்த பின் செத்தார்கள். அன்போடு கொடுத்தவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. இன்று காரணம் தெரியும். ஆகவே மிகவும் மெலிந்தவருக்கு முதலில் வைட்டமின் பி1 கொடுத்து, உடல் எடையில் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, தினமும் இரத்தத்தைப் பார்த்து, படிப்படியாக ஏற்றுகிறார்கள்.

எங்கள் மருத்துவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆயினும் மூன்றாம் நாள் பாஸ்பேட் இறங்கிவிட்டது. பையனுக்கு மூச்சு மேலாக வாங்கியது. அன்றைய பையில் பாஸ்பேட்டைக் கூட்ட உத்தரவு எழுதப்பட்டது. கால்சியமும் அதே பையில் போக வேண்டியிருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கால்சியமும் பாஸ்பேட்டும் தனித்தனியே இருந்தால் தெளிந்த நீர். அளவு மிஞ்சியோ முறை தவறியோ ஒன்றாகச் சேர்ந்தால் சுண்ணாம்புத் தூள் போலப் படியும். நம் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, ஏறக்குறைய அதுபோல. நுரையீரலின் மிகச் சிறிய இரத்தக் குழாய்களை அந்தத் துகள்கள் அடைத்துவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1994 ஏப்ரலில் நாடெங்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. இப்படிப்பட்ட பை ஏற்றப்பட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள், குறைந்தது இரண்டு பேருக்கு மூச்சுத் திணறல் உண்டானது. பிரேதப் பரிசோதனையில் நுரையீரலில் கால்சியம் பாஸ்பேட் துகள்கள் இருந்தன. பையில் கொழுப்பும் கலந்திருந்தால் முழுவதும் பால்போல் வெண்மையாக இருக்கும். உள்ளே படிந்தது கண்ணுக்கே தெரியாது.

எங்கள் மருத்துவமனையில் கொழுப்பைத் தனி பாட்டிலில் வைப்பது வழக்கம். அன்று மாலை கலக்கும் அறையில் ஆள் குறைவு, வேலை அதிகம். சேர்த்தவர் புதியவர். பாஸ்பேட்டைப் போட்டுப் பையைக் குலுக்காமலே கால்சியத்தையும் போட்டுவிட்டார். எங்கள் தவறுதான், மறைக்க மாட்டோம். மருந்தகத்தில் மூத்த சகோதரி வழக்கப்படி பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அடியில் அரிசி கழுவிய தண்ணீர் போல இலேசான மங்கல். "இது போகாது" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

மேலே வார்டில் அந்த அம்மா காத்திருந்தார்கள். "சாப்பாடு ஏன் இன்னும் வரலை ஐயா?" என்றார்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, அதில் ஒரு குறை தெரிந்தது. வேறு தயார் செய்கிறார்கள்" என்று உள்ளதைச் சொன்னோம். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பார்த்துக் குடுக்கட்டும் ஐயா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றார்கள். அந்த இரவில் பாஸ்பேட்டை மட்டும் சலைனில் கலந்து, பம்ப் வைத்து, மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றினார்கள். மெதுவாக ஏற்ற வேண்டியதன் காரணம், பொட்டாசியம் பாஸ்பேட்டில் பொட்டாசியமும் சேர்ந்தே வருகிறது. அது வேகமாகப் போனால் இருதயம் நின்றுவிடும். விடியும்போது மூச்சு சீரானது. புதிய பை மறுநாள் முறைப்படி கலந்து, வடிகட்டி வைத்து ஏற்றப்பட்டது.

பிரியமானவர்களே, 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு பானையைப் பற்றி வாசிக்கிறோம். பஞ்ச காலம். பசித்திருந்தவர்களுக்குக் கூழ் காய்ச்ச ஒருவன் வயலுக்குப் போய், இன்னதென்று அறியாமல் பேய்க்கொம்மட்டிக்காய்களை மடி நிறையக் கொண்டுவந்து பானையில் போட்டான். அவனிடம் தீய எண்ணம் இல்லை. உதவிதான் செய்தான். அறியாமல் செய்த உதவி மரணத்தைக் கொண்டுவந்தது. நல்ல மனது மட்டும் போதாது, பானையில் விழுவது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். எலிசாவின் அற்புதத்தைப் பற்றி அடிக்கடிப் பிரசங்கிக்கிறோம். ஆனால் சாப்பிடுவதை நிறுத்தி முதலில் கூப்பிட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் பசியோடு இருந்தும் கூப்பிட்டார்கள். எங்கள் மருந்தகச் சகோதரி அந்த வரிசையில் நிற்கிறார் என்று நம்புகிறோம்.

வாலிபன் தேறி, வாய்வழியே சாப்பிடத் தொடங்கிய நாட்களில் நடந்ததை அவனுக்கு விளக்கினோம். அவன் சிரித்துவிட்டான். "பாஸ்பேட்டா ஐயா? எனக்குத் தெரியுமே! பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி கார் பாடியை அந்தத் தொட்டியிலதான் முக்குவோம். அளவு தப்பினாலும் சூடு கூடினாலும் அடியில சேறு மாதிரி படியும். வடிகட்டி எடுத்துக்கிட்டே இருக்கணும். இல்லைன்னா பாடியில பொடிப்பொடியா ஒட்டிக்கும்" என்றான். இன்னும் சொன்னான்: "எங்க லைன்ல ஒரு கயிறு இருக்கு ஐயா. தப்பு தெரிஞ்சா யாரு வேணும்னாலும் இழுக்கலாம். லைன் நின்னுடும். இழுத்தவனைத் திட்ட மாட்டாங்க."

தகர பாடிக்கு இவ்வளவு எச்சரிக்கை என்றால், தேவசாயலான மனித உடலுக்கு எவ்வளவு வேண்டும்! அன்றிலிருந்து எங்கள் கலக்கும் அறையில் சில ஒழுங்குகளை எழுதி ஒட்டியிருக்கிறோம். பாஸ்பேட் முதலில், கால்சியம் கடைசிப் பக்கம். நடுவில் நன்றாகக் கலக்க வேண்டும். மொத்த அளவை மருந்தாளுநர் கணக்கிட்டு, இரண்டாவது நபர் சரிபார்க்க வேண்டும். பையை வெயிலிலோ சூடான இடத்திலோ வைக்கக்கூடாது, ஏனெனில் சூட்டில் படிவது அதிகம். அறை வெப்பத்தில் இருக்கும் பையைக் கலந்த 24 மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். கொழுப்பு கலந்ததானால் 1.2 மைக்ரான், இல்லாததானால் 0.22 மைக்ரான் வடிகட்டி இல்லாமல் எந்தப் பையும் போகாது. செறிவான பொட்டாசிய ஆம்பூல்கள் வார்டு அலமாரியில் இருக்கக்கூடாது. 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே அறிவுறுத்தியது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள், நிறுத்தியவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது.

உங்களில் பலர் கட்டிலுக்கும், கட்டடத்துக்கும் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றில் பெயர்ப் பலகை வைக்கலாம். வடிகட்டியில் வைக்க முடியாது. ஒரு நாள் உபயோகித்து எறிந்துவிடுவோம். பம்ப் என்பது கட்டிலோரம் நிற்கும் சின்னப் பெட்டி, யாரும் நின்று பார்ப்பதில்லை. மாலை ஷிப்டுக்கு இன்னொரு மருந்தாளுநரை நியமித்தால் அந்தச் சம்பளம் எந்தப் படத்திலும் தெரியாது. ஆம்பூலின் விலை அற்பம். அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க ஒரு ஜோடிக் கண்ணுக்கும், அவசரமில்லாத ஐந்து நிமிடத்துக்கும்தான் உங்கள் காணிக்கை தேவைப்படுகிறது.

அந்தப் பையன் இப்போது தன் ஊரில் அம்மாவோடு இருக்கிறான். மறுபடி வேலைக்கு வரப்போவதாகச் சொல்லி அனுப்பினான். புறப்பட்ட அன்று அந்த அம்மா மருந்தக ஜன்னலண்டை போய் நின்றார்கள். உள்ளே எந்தச் சகோதரி என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாரையும் பார்த்துப் பொதுவாகக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். அந்தக் கும்பிடு உங்களுக்கும் சேர்த்துத்தான். அதை உங்களிடம் ஒப்படைக்கவே இன்று வந்தோம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.