கணவரின் பெயருக்கு வரும் வரிக் கடிதம்



போன கிழமை ஓர் அம்மா என்னிடம் ஒரு கடிதம் கொண்டுவந்தார். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அவருடைய கணவரின் பெயருக்கு அனுப்பியது. "ஆளே போட்டார், ஆருக்காகப் பதில் எழுதுறது?" என்று பல மாதம் அலுமாரிக்குள் வைத்திருந்திருக்கிறார்.

உங்களில் அநேகருக்கு இப்படிக் கடிதம் வராது. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் கணவர் கடையோ அரிசி ஆலையோ நடத்தியிருந்தால், அவர் பெயரில் வரிக் கோவை இருக்கக்கூடும். அவர் இறந்ததும் அது தானாக மூடப்படாது. நீங்கள்தான் அறிவிக்க வேண்டும்.

மரணச் சான்றிதழின் பிரதியுடன் எழுத்தில் அறிவியுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கோவையில் ஏறாது.

வரி ஆண்டு ஏப்ரல் 1 தொடக்கம் மார்ச் 31 வரை. அதற்கான விவரத்திரட்டை அடுத்த நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அவர் இறந்த நாள் வரை உழைத்ததுதான் அவருடைய கணக்கு. பிறகு வந்த கடை வருமானத்தை அதோடு கலக்க வேண்டாம். ஆகவே பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம், கொப்பி எதையும் எரித்துவிடாதீர்கள். எட்டுச் செலவு முடிந்ததும் வீட்டைத் துப்புரவாக்குகிறோம் என்று உறவினர் முதலில் கொளுத்துவது இவற்றைத்தான்.

பாக்கி வரி இருந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தே கட்ட வேண்டும். உங்கள் சீதனக் காணி உங்களுடையது. அதை விற்கச் சொல்லி யாரும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஆனால் அவருடைய சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரிக்க முன் வரியைத் தீர்த்துவிடுங்கள்.

அவருடைய நிலையான வைப்பு உங்கள் பெயருக்கு மாறினால், வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் வங்கி கழிக்கும். உங்கள் வருமானம் 18 இலட்சத்துக்குட்பட்டதென்றால், சுய பிரகடனப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். கழிக்கமாட்டார்கள்.

கணவர் காணாமற்போனவர் என்றால், இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் பெறலாம். மனம் ஒப்பாத பத்திரத்தில் ஒப்பமிடாதீர்கள்.

கூட்டம் முடிந்தபின் நான் இங்கேயே இருப்பேன். கடிதம் வைத்திருப்பவர்கள், உடைக்காததாயினும், கொண்டுவந்து காட்டுங்கள்.