பேசாத பிள்ளையும் கரித்துண்டும்



'ஆட்டிசம்' எனப்படும் மதியிறுக்கம் பேயின் வேலையன்று; மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடேயாகும். இத்தகைய பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாதிருக்கலாம், பேச்சும் வராதிருக்கலாம். அதற்காக மந்திரிப்பதும், விருந்தினர் வந்தால் உள்ளறையில் மறைப்பதும் கொடுமை.

1974இல் இலண்டனில் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயர் இளமையில் பேசாதிருந்தார். ஓயாது படம் வரைந்தார். அவர் முதலிற் பேசிய சொல் 'தாள்' என்பதாம். இன்று நகரங்களை நினைவினின்றே வரையும் ஓவியர் அவர். எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறாவர் என்று நாம் சொல்லவில்லை. ஓவியம் மதியிறுக்கத்தைப் போக்குவதுமில்லை. ஆயினும், சொல்ல இயலாததைக் காட்டவும், மனக்கலக்கம் தணியவும் அது துணை செய்யும்.

செலவோ மிகச் சிறிது. குளத்துக் களிமண், கோலமாவு, கரித்துண்டு போதும். நாள்தோறும் ஒரே இடம், ஒரே வேளை, ஆரவாரமற்ற மூலை வேண்டும். சிலருக்கு ஈரமண் கையிற் படுவதே பொறாது. வற்புறுத்தாமல் ஒரு குச்சியைக் கொடுப்போம். ஒரே வட்டத்தை நூறு முறை வரைந்தால் வரையட்டும், திருத்த வேண்டா. அருகமர்ந்து நாமும் ஒரு வட்டம் போடுவோம். அவன் அதனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாலே போதும், உரையாடல் தொடங்கிவிட்டது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மதியிறுக்கத்தையும் ஏற்றுள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இத்துறையில் பணியாற்றுகிறது. உங்கள் வார்டில் அத்தகைய பிள்ளை இருப்பின், பள்ளித் திண்ணையில் மாலைதோறும் ஓரிடம் ஒதுக்குமாறு அடுத்த கூட்டத்திற் கேளுங்கள். பெற்றோர் தயங்குவர், ஆதலின் அவர்களை அழைக்க நீங்களே அவ்வீட்டுக்குச் செல்லுங்கள்.