கணனியின் கோடும் கலைஞரின் கையும்

கணனி வரைந்த சித்திரம் என்றவுடன் நம்மிற் பலருக்கு ஓர் இளக்காரம் தோன்றுவதுண்டு. பொத்தானை அழுத்த வந்து விழுவது எப்படிக் கலையாகும் என்று கேட்கிறோம். செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு ஓங்கியிருக்கும் இவ்வேளையில் இது புதிய கேள்வி போலத் தோன்றினும், இதற்கு அறுபது வயதாகிவிட்டது.

1965 பெப்ரவரியில் ஜேர்மனியின் ஸ்ருட்காட் தொழில்நுட்பக் கல்லூரியில் கியோர்க் நேஸ் என்பவர் தமது கணனிச் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். அவர் ஓவியரல்லர், சீமென்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய கணிதர். கூடியிருந்த ஓவியர்கள் சினந்தனர். அவர்களைத் தணிக்கவே பேராசிரியர் மாக்ஸ் பென்சே இதற்குச் "செயற்கைக் கலை" என்று தனிப்பெயர் சூட்டினார். அங்கே ஓர் ஓவியர், தமது தூரிகைக் கோட்டை இந்த இயந்திரம் வரையுமா என்று கேட்டாராம். தாராளமாக வரையும், அதை நீங்கள் எப்படி இழுக்கிறீர்கள் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லிவிடுங்கள் என்றாராம் நேஸ். இதனைப் பின்னாளில் எழுதியவர், அதே ஆண்டு நவம்பரில் தாமும் அந்நகரிற் காட்சி வைத்த ஃபிரீடர் நாகே.

இவ்விடை எனக்கு வெறும் குறும்பாகப் படவில்லை. உயர்தர வகுப்பில் வெண்பாவுக்குச் சீரும் தளையும் சொல்லிக் கொடுத்துவிடலாம். தளை தட்டாத வெண்பாக்கள் கட்டுக் கட்டாக வந்து சேரும். அவற்றுள் கவிதை எது என்று காட்டுவதற்கு எந்தச் சூத்திரத்தைச் சொல்வது?

நேஸ் விதியை எழுதினார். விதி குலையும் அளவையும் எழுதினார். 1968 அளவில் அவர் ஆக்கிய "ஷொட்டர்", அதாவது சரளைக் கற்கள், என்ற சித்திரத்தைப் பாருங்கள். 12 நிரல், 22 நிரை, ஆக 264 சதுரங்கள். மேலே அணிவகுத்து நிற்பவை, கீழிறங்க இறங்கச் சற்றே சரிகின்றன, விலகுகின்றன, அடியில் கொட்டிக் கிடக்கின்றன. எந்தச் சதுரம் எப்பக்கம் சாயும் என்பதை எழுமாற்று எண்கள் தீர்மானித்தன. நிரைக்கு நிரை எவ்வளவு சாய இடங்கொடுப்பது என்பதோ நேஸின் தீர்மானம். அவரது கலை அங்கேதான் என்பது என் கட்சி. இன்று இதே சித்திரத்தை இருபது, முப்பது வரிச் செய்நிரலில் மாணவர் எவரும் எழுதிப் பார்க்கலாம்.

ஹங்கேரியிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த வேரா மொல்னார் அம்மையார் இதிலும் ஒருபடி மேலே போனவர். 1968இல் கணனி அவர் கைக்கு வருமுன்பே, தாமே விதிகளை வகுத்து அவற்றின்படி கையாலேயே படிப்படியாக வரைந்தார். அம்முறைக்கு "கற்பனை இயந்திரம்" என்று பெயரும் வைத்தார். 2023 டிசெம்பரில் தமது 99ஆவது வயதில் மறைந்தார்.

நமக்கும் இது அந்நியமன்று. 1974இல் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களைப் பிறப்பிக்கும் விதிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவ்விதித் தொகுதிக்குக் கணனி அறிஞர் வழங்கும் பெயரும் இலக்கணம் என்பதே. சிறு கோலத்தின் விதியை எழுதிவிட்டால், அக்குடும்பத்துப் பெருங்கோலங்களை அவ்விதியே ஈனும். கம்பிக் கோலம் இடும் ஒரு பெண்ணிடம், அடுத்த வளைவு ஏன் இப்படி என்று கேட்டுப் பாருங்கள். வாய் தடுமாறும், கை தடுமாறாது. அந்தக் கைக்குத் தெரிந்ததைத்தான் அம்மூவரும் எழுத்தில் இட முயன்றார்கள்.