நான்காம் முயற்சி



இந்த வானொலி நிலையத்தின் வாயிலில் நின்று கிழக்கே நோக்கினால் மெரீனாக் கடற்கரை தெரியும். விடியற்காலையில் அங்கே கைவீசி நடப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலப் புத்தாண்டு பிறந்ததும் அந்தக் கூட்டம் பெருகும். பொங்கல் கழிந்ததும் மெல்லக் குறையும். மாசி பிறக்கும்போது பழைய முகங்களே எஞ்சி நிற்கும். அவ்வாறு வந்து மறைந்த கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். ஒருமுறையன்று, மூன்று முறை. நான்காம் முறையில்தான் நிலைத்தேன். அந்தக் கதையைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

உடல் பருத்த ஒருவரின் கதையால் மாணவர்களுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். தோற்றவன் மீண்டும் எவ்வாறு தொடங்குவது என்பதே என் பேச்சின் பொருள். அது தேர்வெழுதும் உங்களுக்கும் வேண்டியதுதானே?

என் தந்தையார் நீரிழிவு நோயால் வருந்தியவர். காலில் உண்டான சிறு புண் ஆறாமற்போய், இரண்டு விரல்களை நீக்க நேர்ந்தது. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தை நாள்தோறும் வலம் வந்த மனிதர், இறுதி ஆண்டுகளில் வீட்டுத் திண்ணையோடு அடங்கிவிட்டார். பங்குனி மாதத்து அறுபத்துமூவர் திருவிழாவின் ஓசையை அங்கிருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். அதைக் கண்டும் நான் திருந்தினேனில்லை. நாற்பத்தாறாம் வயதில் என் எடை 94 கிலோவாக இருந்தது. உயரமோ 168 சென்டிமீட்டர்.

எடையைக் கிலோகிராமிற் கொண்டு, அதை மீட்டரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். எனக்கு அது 33. இந்தியருக்கு 23 ஐத் தாண்டினால் மிகை எடை என்றும், 25 ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் 2009 ஆம் ஆண்டில் நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தனர். ஐரோப்பியரைவிட நம்மவர்க்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுதியாகச் சேர்வதும், குறைந்த எடையிலேயே நீரிழிவு தோன்றுவதும் இதற்குக் காரணங்கள். என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், “நீங்கள் நீரிழிவின் வாயிற்படியில் நிற்கிறீர்கள், உள்ளே காலெடுத்து வைக்கவேண்டுமா என்பது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது” என்றார். அப்பொழுது என் தந்தையாரின் திண்ணை என் கண்முன் வந்து நின்றது.

முன்னைய தோல்விகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் முயற்சி, பழச்சாறு மட்டுமே பருகி மூன்று வாரம் இருந்தது. ஆறு கிலோ குறைந்தது. நண்பர்கள் வியந்தனர். நவராத்திரிச் சுண்டலில் தொடங்கி, தீபாவளிப் பட்சணத்தில் வளர்ந்து, மார்கழிப் பொங்கலில் அந்த ஆறும் வட்டியோடு திரும்பின. இரண்டாவதாக, தியாகராய நகரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். பதினோரு நாள் சென்றேன். அந்தப் பதினோரு நாளும் பயிற்சி முடிந்ததும் பசி வயிற்றைக் கிள்ளும். வழியிலுள்ள சிற்றுண்டிச் சாலையில் வெண்பொங்கலும் வடையும் எனக்காகக் காத்திருக்கும். மூன்றாவது முயற்சி, சோற்றை அடியோடு விலக்கியது. நான்கு மாதத்தில் பதினொரு கிலோ இறங்கியது. ஓர் உறவினர் திருமணப் பந்தியில் இலைமுன் அமர்ந்தேன், விரதம் முறிந்தது. அடுத்த ஓராண்டில் பதின்மூன்று கிலோ ஏறியது. “எனக்கு மனவுறுதி இல்லை” என்று முடிவுகட்டி ஓய்ந்துவிட்டேன்.

அந்த முடிவு சரியானதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். உடல் பசித்துக் கிடந்த காலங்களை எண்ணற்ற தலைமுறைகளாகக் கண்டது. எடை விரைந்து குறைந்தால் அதைப் பஞ்சம் என்றே அது கொள்கிறது. செலவைச் சுருக்கிப் பசியைப் பெருக்குகிறது. கொழுப்புத் திசுக்களிலிருந்து சுரந்து, “போதும்” என்று மூளைக்குச் செய்தி சொல்லும் லெப்டின் என்னும் பொருளை 1994 இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். கொழுப்புக் குறைந்தால் லெப்டினும் குறையும், பசி கூடும். எடை குறைத்தவர்களிடம் பசியைத் தூண்டும் சுரப்புகளின் மாறுதல் ஓராண்டு கழிந்த பின்னும் நீடித்ததை 2011 இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. எனவே, மூன்று வாரம் பட்டினி கிடந்து வெற்றி முழக்கம் செய்தவன், போர் தொடங்குமுன்னரே வாளை உறையிலிட்டவன் ஆவான். மேலும், முதல் வாரங்களிற் குறையும் எடையில் பெரும்பங்கு நீரே. உடலிற் சேமித்த சர்க்கரைப் பொருளாகிய கிளைக்கோஜன், தன் எடையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீரைத் தன்னோடு வைத்திருக்கிறது. அது கரையும்போது நீரும் போகும். அது நிறையும்போது நீரும் திரும்பும்.

என்னைப்போல் தோற்றவர் வேறு எவரேனும் உண்டா என்று தேடினேன். இலண்டன் நகரத்து வில்லியம் பாண்டிங் என்பவரின் வரலாறு கிடைத்தது. அவர் ஈமச் சடங்குகளை நடத்தித் தரும் தொழிலில் புகழ்பெற்றவர். 1862 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் எடை 202 ராத்தல். குனிந்து காலணி நாடாவைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்புறமாகத்தான் இறங்குவார். அதற்குமுன் பல ஆண்டுகள் பல வைத்தியங்களைச் செய்து பார்த்தார். விடியற்காலையில் ஆற்றில் படகு வலித்தார். பசி மிகுந்து இன்னும் அதிகமாக உண்டார். என் பொங்கலும் வடையும் அப்போது நினைவுக்கு வந்தன! முடிவில், காது மந்தமானதற்காக வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரிடம் சென்றார். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி வேறு, இவர் வேறு. இந்த மருத்துவர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றைக் குறைக்கச் சொன்னார். ஓராண்டில் 46 ராத்தல் குறைந்தது. பாண்டிங் 1863 இல் தம் அனுபவத்தைச் சிறு நூலாகத் தம் செலவிலேயே அச்சிட்டு இலவசமாக வழங்கினார். ஆங்கிலத்தில் அவர் பெயரே எடை குறைத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவும் வழங்கிற்று. அவர் வென்றபோது வயது அறுபத்தாறு. “எனக்கு நாற்பத்தாறுதானே” என்று எண்ணிக்கொண்டேன்.

நான்காம் முயற்சி ஒரு குறிப்பேட்டிலே தொடங்கியது. உணவியல் அறிந்த ஓர் அம்மையார், “ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், உண்பதையும் பருகுவதையும் எழுதிமட்டும் வாருங்கள்” என்றார். எழுதினேன். நாள் ஒன்றுக்கு ஆறு தம்ளர் காப்பி. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. பன்னிரண்டு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 48 கிராம். அதாவது 190 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கும் என்பர். கணக்கிட்டுப் பாருங்கள்: காப்பிச் சர்க்கரை மட்டுமே ஆண்டுக்கு ஒன்பது கிலோக் கொழுப்புக்கு ஈடாகிறது! உடல் இந்தக் கணக்கின்படியே நடப்பதில்லை; எடை குறையக் குறையச் செலவும் குறையும். எனினும், பகைவன் எங்கே ஒளிந்திருந்தான் என்பது தெளிவாயிற்று. விருந்துகளை அஞ்சிய நான், தம்ளரை அஞ்சவில்லை.

அம்மையார் எனக்கு விரதம் எதையும் விதிக்கவில்லை. “இனி வாழ்நாள் முழுதும் செய்யக்கூடியதைமட்டும் செய்யுங்கள்” என்பதே அவர் இட்ட நிபந்தனை. காப்பி மூன்றாயிற்று, சர்க்கரை அரைக் கரண்டியாயிற்று. தட்டில் பாதி காய்கறி, காற்பங்கு சோறு, காற்பங்கு பருப்பு அல்லது சுண்டல் என்று வகுத்துக்கொண்டேன். இரவு உணவை ஏழரை மணிக்கு முடித்தேன். லஸ் பகுதியிலுள்ள நாகேசுவரராவ் பூங்காவில் நாள்தோறும் நாற்பது நிமிடம் நடந்தேன். ஞாயிறுதோறும் எடை பார்த்து எழுதினேன்.

என் தாயாருக்குத்தான் வருத்தம். “இன்னும் ஒரு கரண்டி” என்று நீட்டிய கையை மகன் மறுப்பது, அன்பையே மறுப்பதாக அவருக்குப் பட்டது. “அம்மா, அந்தக் கரண்டியில் கூட்டைப் போடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் உண்கிறேன்” என்றேன். அன்றுமுதல் எங்கள் வீட்டுக் கூட்டும் பொரியலும் இருமடங்காயின.

முதல் மாதம் குறைந்தது ஒரே ஒரு கிலோ. முன்னைய முயற்சிகளோடு ஒப்பிட்டால் நகைப்புக்கிடமான எண். ஆயினும், அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? உண்மையான சோதனை தீபாவளியில் வந்தது. ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறியது. பழைய நான் அத்தோடு குறிப்பேட்டைப் பரணில் போட்டிருப்பேன். இம்முறை அந்த எண்ணை மைகொண்டு எழுதினேன்; மறுநாள் காலை வழக்கம்போலப் பூங்காவுக்குச் சென்றேன். என் வெற்றி எது என்று கேட்டால், பதின்மூன்று கிலோ குறைந்ததைச் சொல்லமாட்டேன். அந்த ஒரு காலைநேர நடையைத்தான் சொல்வேன். முன்னே தடுக்கி விழுந்த இடமெல்லாம் பயணத்தின் முடிவாயிற்று. இப்பொழுது அது பாதையில் ஒரு கல்லாயிற்று.

பதின்மூன்று கிலோ குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன்பின் நான்கு ஆண்டுகளாக 81 ஐ ஒட்டியே நிற்கிறேன். இன்றும் நான் மெலிந்தவன் அல்லன். ஆனால் இரத்தச் சர்க்கரை இயல்பான அளவுக்குத் திரும்பிவிட்டது. மாடிப்படி ஏற மூச்சு வாங்குவதில்லை.

ஒருவன் கதை சான்றாகுமா? இதே சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2016 இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற, எடை மிகுந்த 578 பேர் அதிற் கலந்துகொண்டனர். 7 விழுக்காடு எடை குறைத்தல், வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு ஆகியவையே இலக்கு. தேவைப்பட்டோர்க்கு மருந்தும் சேர்க்கப்பட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட, வகுப்புகளுக்கு வந்து பயின்றவர்களிடம் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 32 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவில் 1994 இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 30 ராத்தலேனும் குறைத்து ஓராண்டேனும் காத்துக்கொண்டவர்களின் விவரங்கள் தொகுக்கப்பட்டன. அவர்களிற் பெரும்பாலோர் அதற்குமுன் முயன்று தோற்றவர்களே. அடிக்கடி எடை பார்ப்பதும் நாள்தோறும் நடப்பதும் அவர்களிடையே பொதுவாகக் காணப்பட்ட பழக்கங்கள்.

இன்று எடை குறைக்க ஊசிமருந்துகளும் வந்துள்ளன. மருத்துவர் மேற்பார்வையில் அவை பலருக்கு உதவுகின்றன. ஆனால் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்புவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கும் அதே பாடந்தான்: முடிவுநாள் குறித்த முயற்சி, அந்த நாளோடு முடிகிறது.

இதில் தனி மனிதர் பொறுப்பு மட்டும் போதாது. நான் நடந்ததற்கு வீட்டருகே ஒரு பூங்கா இருந்தது காரணம். சென்னைத் திருமங்கலத்தில் ஒரு குடியிருப்பு மக்கள், நீரிழிவு பற்றிய விழிப்புணர்வு பெற்றபின் தாங்களே பொருள் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தனர். வாரம் மூன்று முறைக்குமேல் உடற்பயிற்சி செய்வோர் அங்கே 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்ததை 2006 இல் வெளிவந்த ஆய்வு குறிப்பிடுகிறது. நடக்க இடமிருந்தால் மனிதன் நடக்கிறான்!

மாணவ நண்பர்களே, ஓர் எச்சரிக்கை. நீங்கள் வளரும் பருவத்தினர். பத்திரிகைப் படத்தைப் பார்த்தோ, தோழர் பேச்சைக் கேட்டோ பட்டினி கிடக்காதீர்கள். எடைபற்றிக் கவலை இருந்தால் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் பருத்த உடலுடைய தோழர் ஒருவர் இருப்பார். அவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் எத்தனை முறை முயன்று, யாருக்கும் தெரியாமல் எத்தனை முறை தோற்றாரோ, நாம் அறியோம். மாலையில் விளையாட அவரையும் அழையுங்கள். அதுவே பெரிய மருந்து.

வள்ளுவர் பிறந்த ஊர் என்று மரபு கூறும் மயிலாப்பூரில் வாழ்கிறேன். மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் அப்பெரியார் உணவின் அளவைப்பற்றியே மிகுதியும் பேசியதன் பொருள், எனக்கு நான்காம் முயற்சியிலேதான் விளங்கிற்று. இன்று மாலை தெப்பக்குளத்தை ஒருமுறை வலம் வருவேன். என் தந்தையார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து நடக்கிறேன் என்ற நினைவோடு நடப்பேன். மூன்று முறை தோற்றவர் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவரும் நாளைக் காலை புறப்படலாம்.