வெளிமாநிலத் தமிழரும் மோட்டார் வாகனச் சட்டமும்

தொழிலை நாடியும் பணியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து, தில்லி கரோல்பாகிலும், மும்பை மாதுங்காவிலும், பெங்களூர் அல்சூரிலும், ஆமதாபாத் மணிநகரிலும் குடியமர்ந்திருக்கும் நம்மில் பலருக்கு இன்று ஒரு வண்டி இருக்கிறது. ஸ்கூட்டர், கார், அல்லது சரக்கு ஏற்றும் சிறு டெம்போ, ஏதோ ஒன்று. அதை ஓட்டும் உரிமமும், அதன் பதிவும், அதற்குரிய வரியும் சட்டத்தால் அமைந்தவை. அச்சட்டமோ அவ்வப்போது மாறி வருவது. மாற்றம் வந்த பிறகு வருந்துவதற்கும், வருமுன் நம் கருத்தைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மோட்டார் வண்டி இரண்டு அரசுகளின் ஆட்சிக்கு உட்பட்டது. ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, சாலை ஒழுங்கு ஆகியவற்றை நாடாளுமன்றம் இயற்றிய மோட்டார் வாகனச் சட்டம் வகுக்கிறது. 1914-லும் 1939-லும் இயற்றப்பட்ட சட்டங்களுக்குப் பின்னர், 1988-ஆம் ஆண்டுச் சட்டமே இன்று நடப்பில் உள்ளது. 2019-இல் அது பெரிய அளவில் திருத்தப்பட்டது. ஆனால் வண்டி மீது வரி விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலங்களுக்கு உரியது. உரிமம் இந்தியா முழுமைக்கும் ஒன்று. வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிறப்பவையே.

உரிமத்தைப் பொறுத்தவரை நாம் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. சேலத்தில் பெற்ற உரிமம் சூரத்திலும் செல்லும். புதிய ஊரில் இன்னொன்று பெற வேண்டியதில்லை. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு உரிமங்கள் வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானதுங்கூட. முகவரியை மாற்றிக்கொண்டால் போதும். ஆயினும், 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த சில மாறுதல்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும். முன்பு இளைஞர் ஒருவர் பெறும் உரிமம் இருபது ஆண்டுகளுக்கோ, அவருக்கு ஐம்பது வயதாகும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். திருத்தத்துக்குப் பின், முப்பது வயதுக்கு உட்பட்டவர் பெறும் உரிமம் அவருடைய நாற்பதாவது வயது வரை செல்லும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர் பெறுவது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். காலம் முடிவதற்கு ஓராண்டு முன்னதாகவே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால், மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். முன்பு இதற்கு ஐந்தாண்டு அவகாசம் இருந்தது. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வழக்கமுடைய நமக்கு இந்த ஒரு மாறுதல் முக்கியமானது.

நன்மை பயத்த மாறுதல்களும் உண்டு. வாடகை வண்டியும் சரக்கு வண்டியும் ஓட்ட உரிமம் பெறுவதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டது. நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் லாரி ஏறி நாடெங்கும் செல்லும் தொழிலில், கை தேர்ந்தும் பள்ளிப் படிப்பு இல்லாதவர்க்கு அடைத்திருந்த கதவு இதனால் திறந்தது. மேலும், இலகுரக வாகன உரிமம் உடையவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. டெம்போ ஓட்டிப் பிழைப்போருக்கு விபத்துக் காலத்தில் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இந்த ஒரு வினாவைப் பொறுத்தே இருந்தது.

இனி வண்டிக்கு வருவோம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்பது சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்குப் பழைய பதிவு அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். முப்பது நாளுக்குள் அவ்வலுவலகம் மறுப்புத் தெரிவிக்காவிடில் சான்று அளிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இந்தப் பிற்பகுதியை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

வரியிலேதான் சுமை. சொந்த உபயோகத்துக்கான வண்டிக்குப் பெரும்பாலான மாநிலங்கள் வாழ்நாள் வரியை முன்கூட்டியே ஒரே தொகையாக வாங்கிவிடுகின்றன. மாநிலம் மாறினால் புதிய மாநிலத்துக்கு உரிய வரியை முதலில் கட்டிவிட்டு, பழைய மாநிலத்திடம் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்க வேண்டும். கட்டுவது உடனே; திரும்பப் பெறுவது எப்போதோ. கர்நாடக மாநிலம் 2014-இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, பிற மாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் தங்கினாலே வாழ்நாள் வரி செலுத்த வேண்டும் என்றது. அத்திருத்தம் செல்லாது என்று அம்மாநில உயர்நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் ஒசூர் எல்லையைத் தாண்டி வேலைக்குச் சென்றோர் பட்ட அலைச்சலைப் பெங்களூர் நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மாநிலங்களின் நியாயத்தையும் மறந்துவிடலாகாது. வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறதோ, அந்தச் சாலையைப் போட்டுப் பேணும் அரசுக்கு வரி சேர வேண்டுவதே முறை. வரி கொடுக்க மாட்டோம் என்பது நம் கூற்று அன்று. வாழும் காலத்துக்கு வாழும் இடத்தில் கொடுக்கிறோம்; வாழாத காலத்துக்கும் சேர்த்து வாங்காதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

இந்த வேண்டுகோளுக்கு இசைந்த ஒரு வழியை மத்திய அரசு 2021-இல் கண்டது. அதுவே பி.எச். வரிசைப் பதிவு. பாரத் என்பதைக் குறிக்கும் அந்த எழுத்துகளைத் தாங்கிய வண்டி, மாநிலம் மாறினாலும் எண் மாற்ற வேண்டுவதில்லை. வரியை வாழ்நாளுக்கு மொத்தமாகச் செலுத்தாமல், இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்தலாம். ஆனால் யாருக்கு இது கிடைக்கும்? படைவீரர்கள், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களிலோ ஒன்றியப் பகுதிகளிலோ அலுவலகம் உடைய தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் ஆகியோருக்கே கிடைக்கும்.

இதைக் கேட்கும்போது நம்முள் அரசுப் பணியில் உள்ளோர் மகிழலாம். எனினும், நாம் காலையில் உண்ணும் இட்டலியை வார்க்கும் சிற்றுண்டிச் சாலைக்காரர், நம் வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக், பூவும் வாழையிலையும் விற்கும் வணிகர், பாட்டு வாத்தியார் ஆகியோர் இந்த வரிசையில் இல்லை. மாற்றல் உத்தரவு பெற்று வந்தவருக்கு இடமுண்டு. வயிற்றின் உத்தரவால் வந்தவருக்கு இடமில்லை. இந்த வேற்றுமை நீங்க வேண்டும் என்று யார் கேட்பது? ஊரிலுள்ள சட்டமன்ற உறுப்பினருக்கு நாம் வெளியே போய்விட்டவர்கள். இங்குள்ளவருக்கு வந்து சேர்ந்தவர்கள். நமக்காக நாமே பேச வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அப்படிப் பேசுவதற்குச் சட்டமே ஒரு வாயிலை வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இயற்றப்படும் எந்த விதியும் முதலில் வரைவாக அரசிதழில் வெளியிடப்பட வேண்டும் என்பது 212-ஆம் பிரிவு. பெரும்பாலும் முப்பது நாள் அவகாசம் தரப்படும். அதற்குள் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் எவரும் எழுதலாம். பி.எச். வரிசையின் வரலாற்றையே பாருங்கள். 2021 ஏப்ரலில் வந்த வரைவில் அதன் பெயர் ஐ.என். வரிசை, ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது பி.எச். ஆயிற்று. வரைவில் தனியார் நிறுவனத்துக்கு ஐந்து மாநிலங்களில் அலுவலகம் வேண்டும் என்றிருந்தது, இறுதியில் நான்கு ஆயிற்று. தொடக்கத்தில் புதிய வண்டிகளுக்கே இருந்த வசதி, 2022 டிசம்பரில் பழைய வண்டிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. வரைவு என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று. அழித்து எழுதக் கூடிய எழுத்தே. ஐந்து நான்கு ஆகுமெனில், ஊழியர் என்பதோடு சுயதொழில் புரிவோர் என்பதும் ஒருநாள் சேரலாம் அன்றோ?

நம்மைத் தடுப்பது மொழியே என்று சிலர் கருதலாம். மத்திய அரசின் வரைவுகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. மாநில அரசிதழ்களில் அவ்வம் மாநில மொழியும் இடம்பெறுகிறது. சட்ட வாசகங்களை நாள்தோறும் பெயர்த்தெழுதும் பணியில் உள்ளோர் ஒன்றைக் கூறுவர்: ஒரு விதியின் வன்மை பெரும்பாலும் அதன் ஒரே சொல்லில் அடங்கியிருக்கும். ‘வைத்திருந்தால்’ என்ற சொல் வண்டி அங்கே நிலையாக இருப்பதைக் குறிக்கிறதா, வந்து போவதையும் குறிக்கிறதா என்பதிலேயே ஒருவரது ஓராண்டுச் சேமிப்பு அடங்கிவிடுகிறது. ஆகவே புரியாததை ஊகித்துக்கொள்ளாமல், படித்தவரிடம் கேட்டுத் தெளிதல் நலம். ஒவ்வோர் ஊரிலும் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவோடு நின்றுவிடாமல், இத்தகைய வரைவு வரும்போது ஒரு மாலை கூடி அதைப் படித்து விளக்குமானால் அதுவும் தமிழ்த் தொண்டே ஆகும்.

எழுதும்போது தமிழிலேயே எழுதலாமா என்று கேட்கலாம். குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆவது உறுப்பு குடிமக்களுக்கு வழங்கியுள்ளது. கூடவே ஆங்கிலத்திலோ இந்தியிலோ சுருக்கம் வைப்பது விரைவுக்கு உதவும். வரைவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, எந்த விதியில் எந்தச் சொல் மாற வேண்டும், மாற்றாக என்ன சொல் வேண்டும் என்று இரண்டு பத்திகளில் எழுதினால் போதும். புலம்பல் கோப்பில் உறங்கும்; திருத்தம் படிக்கப்படும்.

மாநில வரிச் சட்டங்கள் விதிகள் அல்ல, சட்டமன்றம் இயற்றுபவை. அங்கே நம் குரல் சேர ஒரே வழி, வாழும் ஊரின் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருப்பதே. பல்லாண்டு வாழ்ந்தும் வாக்கை ஊரிலேயே விட்டு வந்திருப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நேயர்களே, உரிமை கேட்பவர் கடமையை மறக்கலாகாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் விபத்தில் மாண்டனர். தலைக்கவசமும், முறையான உரிமமும், நடப்பிலுள்ள காப்பீடும் நமக்குப் பாரமல்ல. அவற்றை ஒழுங்காகக் கொண்டிருப்பவரின் விண்ணப்பத்துக்கே வலிமை உண்டு. வண்டியை விதிப்படி ஓட்டுவோம். விதி தவறான வழியில் செல்லும்போது, அது வரைவாக இருக்கும் முப்பது நாளுக்குள் எழுதிச் சொல்வோம்.