மறுமுனையும் சொல்ல வேண்டும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வேலையைப் பற்றிப் பேசாதே, அந்த ஹாம் ரேடியோ சமாச்சாரத்தைச் சொல்" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். என் வேலையைப் பற்றி வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. ஆகவே வருத்தமில்லை.

2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில், கார்ட்டோசாட்-1-க்குத் துணையாக ஹாம்சாட் என்ற சின்ன செயற்கைக்கோளும் போயிற்று. நாற்பத்திரண்டரை கிலோ. ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்தது. வெளிநாட்டுக்காரர்கள் அதை வி.ஓ.-52 என்பார்கள். 435 மெகாஹெர்ட்ஸில் நாம் பேசினால் 145-இல் திருப்பிச் சொல்லும். ஒருமுறை நம் வானத்தைக் கடக்க அதிகம் போனால் பதின்மூன்று நிமிஷம்.

நான் இங்கே படித்த காலத்தில், சேலையூரில் ஒரு சீனியர் வீட்டு மொட்டை மாடிதான் எங்கள் நிலையம். அலுமினியக் குழாயில் நாங்களே செய்த யாகி ஆன்டெனாவை ஒருத்தன் கையில் பிடித்து வானத்தில் திருப்புவான்; ஒருத்தன் டாப்ளருக்கு ஏற்ப ட்யூனிங் குமிழைத் திருகிக்கொண்டே பேசுவான்; மூன்றாமவன் நோட்டில் எழுதுவான். கொழும்பிலிருந்து ஒரு அண்ணன் வருவார். "தம்பி, தாம்பரத்தில மழையா?" என்பார். பதில் சொல்வதற்குள் கோள் கடலுக்கு அப்பால் இறங்கிவிடும்.

பேசினால் மட்டும் போதாது. மறுமுனையும் ஒப்புக்கொண்டால்தான் ஹாம் உலகில் அது கணக்கு. முன்பு அதற்குக் க்யூ.எஸ்.எல். அட்டை, தபாலில் வருஷக் கணக்கில் ஆகும். 2003 செப்டம்பரில் அமெரிக்க ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். 'லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற இணைய ஏற்பாட்டைத் தொடங்கியது. லைசென்ஸ் நகலைக் காட்டி ஒரு மின் சான்றிதழ் வாங்க வேண்டும். டி.க்யூ.எஸ்.எல். என்ற இலவச மென்பொருளால் நம் லாகில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இருவர் அனுப்பியதிலும் அழைப்புக்குறி, அலைவரிசை, பேசிய முறை ஒத்துப்போய், நேரம் அரை மணிக்குள் இருந்தால் உறுதி. இதில் அழகு என்னவென்றால், அவர் என்ன எழுதினார் என்று நமக்குக் காட்டாது. நாம் தனியாக எழுதியது பொருந்தினால்தான் தெரியும்.

நான் 2012-இல் முதலில் ஷார்ட்வேவ் தொடர்புகள் இருநூறை அனுப்பினேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. காரணம் வெட்கக்கேடு: யு.டி.சி. நேரம் போட வேண்டிய இடத்தில் நம் கடிகார நேரம்! ஐந்தரை மணி தள்ளிப் போயிற்று. நள்ளிரவுக்கும் விடியல் ஐந்தரைக்கும் நடுவில் பேசியவற்றுக்குத் தேதியே வேறு. போட்டதை அழிக்கவும் முடியாது. திருத்தி மறுபடி அனுப்பினேன். இடத்தையும் சரியாகக் கொடுங்கள். தாம்பரம் என்.கே.02 கட்டம், 13 டிகிரி கோட்டைத் தாண்டி எழும்பூர் போனால் என்.கே.03, செங்கல்பட்டு போனால் எம்.கே.92.

சாட்டிலைட் நோட்டுகளை 'அப்புறம் பார்ப்போம்' என்று வைத்தேன். 2014 ஜூலையில் பேட்டரி கெட்டு ஹாம்சாட் ஓய்ந்தது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாறு முடிச்சூருக்குள் வந்தது. எங்கள் வீட்டுக் கீழ் அலமாரி முழுகியது. அம்மா நோட்டுகளை வெயிலில் காயவைத்தார். பேனா மை எல்லாம் நீலக் கறை.

கொழும்பு அண்ணன் தன் லாகை எப்போதோ அனுப்பிவிட்டார். "உம்முடைய பக்கம்தான் வரேல்ல, தம்பி" என்றார். என் பேர் அங்கே பாதியாகக் கிடக்கிறது. கோளே இல்லை, மறுபடி பேசவும் வழியில்லை.

அப்போது எஞ்சினியர் புத்தி ஒன்று சொன்னது. பழைய சுற்றுப்பாதை எண்களை வைத்து, ஹாம்சாட் எந்த நாள் எத்தனை மணிக்குத் தாம்பரத்துக்கு மேல் வந்தது என்று கணக்கிட முடியும். கடப்பது பதின்மூன்று நிமிஷம், சலுகை அரை மணி. ஒவ்வொரு கடப்புக்கும் அவர் அழைப்புக்குறியை ஒரு வரி எழுதி அனுப்பினால், உண்மையானது தானாக ஒட்டிக்கொள்ளும்! ஒரு ராத்திரி உட்கார்ந்து அறுநூறு வரி தயார் செய்தேன். கையெழுத்திடும் கட்டத்தில் மென்பொருள் கடவுச்சொல் கேட்டது. பேசியது ஐம்பதுக்குள்தான் இருக்கும். பேசாத ஐந்நூற்றைம்பதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அண்ணன் தன் லாகையே அனுப்புகிறேன் என்றார், பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லி. அதுவும் வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான்.

போன வருஷம் அந்தச் சேலையூர் சீனியர் வீடு மாறினார். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. அதில் நாங்கள் பதிவுசெய்த ஒலிக்கோப்புகள் பதினொன்று, தேதி நேரத்தோடு. கேட்டேன். மழையா என்று அண்ணன் கேட்கிறார். பின்னால் யாரோ "ஆன்டெனாவைத் தூக்குடா" என்று கத்துகிறான். சுற்றுப்பாதைக் கணக்கோடு சரிபார்த்தேன். பத்து சரியாக வந்தது. ஒன்று எந்தக் கடப்போடும் சேரவில்லை, கணினிக் கடிகாரம் ஓடாத நாள் போலிருக்கிறது. விட்டுவிட்டேன். பத்தை அனுப்பினேன், பொருந்தவில்லை. சாட்டிலைட் வழி என்பதையும் வி.ஓ.-52 என்ற பேரையும் குறிப்பிட மறந்திருந்தேன். சேர்த்து அனுப்பினேன். பத்தும் வந்தன. அண்ணனுக்குச் சொன்னதும், "மற்றதெல்லாம்?" என்றார்.

மற்றது அப்படியேதான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் மடிக்கணினியோடு இருப்பேன். நோட்டில் லாக் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் எடுத்துக்கொண்டு வாருங்கள். நேரம் எந்தக் கடிகாரத்தில் எழுதியது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.